லாக்டிக் ஆசிட் சீரம், யூரியா கிரீம், ஒரு டப்பா வாஸ்லின்: நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு எது வேலை செய்கிறது

நாகர்கோவில் மீனாட்சிபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ எந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரு ரேக் முழுக்க சீரம், டோனர், பீல், ஜெல் என்று நிற்கிறது. சில வருஷம் முன்புவரை அந்த இடத்தில் பவுடரும் கோல்டு கிரீமும்தான் இருந்தன. டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்று இருக்கும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வேறொன்று இருக்கும். நான் எழுதப்போவது பின்பக்கத்தைப் பற்றி. எங்கள் வீட்டில் நான், சித்தி, காலேஜ் படிக்கும் தங்கை மூன்று பேரும் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பொருள்களை வைத்துச் சொல்கிறேன், அதனால் இது பார்லர்காரர்களின் விமர்சனம் மாதிரி இருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்த தோலை எடுக்க மிதமான ஒரு ஆசிட், அதுவும் வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரி. ஈரத்துக்கு கிளிசரினோ யூரியாவோ உள்ள சாதாரண கிரீம். பகலில் சன்ஸ்கிரீன். குமரி மாவட்டத்தில் இருக்கிற ஒருவருக்கு இதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசைக்குத்தான், தேவைக்கு இல்லை.

சரி, பின்பக்கம். காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020 படி நம் நாட்டில் விற்கும் பொருளில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும், அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால். 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இதில் ஒரு வழி இருக்கிறது, கடையில் நின்றபடியே செய்யலாம். பட்டியலில் பீனாக்சிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது அது, அதிகபட்சம் 1 சதவீதம்தான் சேர்க்கலாம். அப்படியானால் அந்தப் பெயருக்குப் பிறகு வருவதெல்லாம் 1 சதவீதமோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். முன்பக்கத்தில் குங்குமப்பூ படம் போட்டு, பின்பக்கத்தில் அந்தக் குங்குமப்பூ பீனாக்சிஎத்தனாலுக்கும் பிறகு கடைசி வரியில் கிடந்தால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு. ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. ஹயலூரோனிக் ஆசிட் (ஈரம் பிடிப்பது), செராமைடு (தோலில் உள்ள ஒரு கொழுப்பு), ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) போன்றவை 1 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலே வேலை செய்யும், அவை பின்னால் வருவது ஏமாற்று இல்லை.

இப்போது ஆசிட். எங்கள் வீட்டில் இருப்பது தி ஆர்டினரி கம்பெனியின் லாக்டிக் ஆசிட் 10% + ஹெச்ஏ (ஹெச்ஏ என்பது ஹயலூரோனிக் ஆசிட்), 30 மில்லி பாட்டில். பட்டியலில் தண்ணீருக்கு அடுத்ததே லாக்டிக் ஆசிட், அதற்கு அடுத்து கிளிசரின். எனக்கு இது பிடித்ததற்கு முதல் காரணமே இந்த வரிசைதான், முன்பக்கம் சொன்னது பின்பக்கத்திலும் அப்படியே இருக்கிறது. குலசேகரம் பக்கம் இருக்கிற எங்கள் சொந்தக்காரப் பெரியம்மா இந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ரப்பர் பாலுக்கு ஊத்துத ஆசிட்டையா மக்ளே மூஞ்சியில தேய்க்க?" என்று பதறிவிட்டார். அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது. ரப்பர் பால் உறைய ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட், கையில் பட்டால் வெந்துபோகும். லாக்டிக் ஆசிட் வேறு. தயிர் புளிப்பதே அதனால்தான், நம் தோலுக்குள்ளேயும் ஈரத்தைப் பிடித்து வைக்கிற பொருள்களில் ஒன்றாக இயல்பாகவே அது இருக்கிறது. ஆனால் லாக்டிக் ஆசிட்டும் ஆசிட்தான், அதனால் எவ்வளவு சதவீதம், எவ்வளவு பிஹெச் (எண் குறையக் குறைய ஆசிட்டின் வீரியம் அதிகம்) என்பதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அது என்ன செய்கிறது என்றால், தோலின் மேல் அடுக்கில் செத்த செல்கள் கூரையில் ஓடு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றை இணைத்துப் பிடித்திருக்கும் புரதப் பிணைப்புகளை இந்த ஆசிட் தளர்த்துகிறது, அவ்வளவுதான். தோல் தானாகவே சுமார் நான்கு வாரத்தில் புதுப்பித்துக்கொள்ளும், வயதாக ஆக அந்த வேகம் குறையும், மேலே தேங்கி நிற்பதுதான் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரிகிறது. இந்த வகை ஆசிட்கள் தோல் மருத்துவத்தில் கவனம் பெற்றது அழகுக்காக இல்லை என்பது எனக்குப் பிடித்த தகவல்: வான் ஸ்காட், யூ என்ற இரண்டு பேர் 1974இல் மீன் செதில் மாதிரி தோல் உரியும் இக்தியோசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள்.

பிஹெச் ஏன் முக்கியம்? லாக்டிக் ஆசிட்டுக்கு பிஹெச் 3.9 அளவில் பாதிதான் ஆசிட்டாக நிற்கும், மீதி அந்த ஆசிட்டின் உப்பாக மாறிவிடும், சமையல் உப்பு இல்லை. அந்த உப்பு ஈரம் தரும், தோலை உரிக்காது. அதனால் பிஹெச் 5.5 என்று பெருமையாகப் போட்டு 10 சதவீத ஆசிட் என்றும் போட்டிருந்தால் அது நல்ல மாய்ஸ்சரைசராக இருக்கலாம், உரிக்கும் வேலையை எதிர்பார்க்காதீர்கள். மறுபக்கம், அமெரிக்காவில் பொருள்களைப் பரிசோதிக்கும் நிபுணர் குழு வீட்டில் பயன்படுத்தும் கிளைகாலிக், லாக்டிக் பொருள்களுக்கு வைத்த வரம்பு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பிஹெச் 3.5க்குக் கீழே போகக் கூடாது என்பது. கடைகளில் 30 சதவீத பீல் (தோலை உரிக்கும் ஆசிட்) சிவப்புத் திரவமாக விற்கிறார்களே, அதை முதல் ஆசிட்டாக வாங்கவே வாங்காதீர்கள். நம் மாதிரி கறுப்பு, மாநிறத் தோல் எரிச்சல்பட்டால் சிவந்து ஆறிவிடாது, கறுத்த திட்டாக மாதக்கணக்கில் நிற்கும். கரும்புள்ளியைப் போக்க வாங்கியது கரும்புள்ளியைக் கொடுத்துவிடும்.

முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு மூன்று நான்கு சொட்டு. மூக்கின் ஓரத்தில் சுள்ளென்று ஒரு நிமிஷம் இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். அடங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே கழுவிவிட வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது. புருவம் த்ரெடிங் செய்த அன்றும், ஆண்கள் ஷேவ் செய்த உடனேயும் போடக் கூடாது. முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் பொருந்தும். எனக்குத் தாடை ஓரத்தில் இருந்த சொரசொரப்பு நன்றாகக் குறைந்தது. கன்னத்தில் பழைய பரு விட்டுப்போன பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு எந்தப் பாட்டிலும் மருந்து இல்லை.

மற்ற ஆசிட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளைகாலிக் ஆசிட் இந்தக் குடும்பத்தில் மிகச் சின்ன மூலக்கூறு, அதனால் வேகமாக உள்ளே போகும், எரிச்சலும் அதிகம். மேன்டெலிக் அதைவிட இரண்டு மடங்கு பெரியது, மெதுவாகப் போகும், சட்டென்று எரிச்சல்படும் தோலுக்கு அதுதான் நல்லது. குளுக்கோனோலாக்டோன் என்று இருந்தால் இன்னும் மிதம். சாலிசிலிக் ஆசிட் மட்டும் எண்ணெயில் கரையக்கூடியது, துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை எடுக்கும், அதனால் வியர்த்து வழிந்து மூக்கெல்லாம் கரும்புள்ளி வருகிற என் தங்கைக்கு லாக்டிக்கைவிட 2 சதவீத சாலிசிலிக்தான் பொருந்தியது. கர்ப்பமாக இருப்பவர்கள் சாலிசிலிக்கை டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். இரண்டு ஆசிட், அதோடு ரெட்டினால் என்று ஒரே ராத்திரியில் அடுக்குவதும் வேண்டாம்.

அடுத்து, கடையில் கையில் தேய்த்துக் காட்டும் அந்தப் பீலிங் ஜெல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்துதான் நிறைய பேர் வாங்குகிறார்கள். விற்பனைப் பிள்ளை உங்கள் புறங்கையில் ஒரு துளி வைத்து வட்டமாகத் தேய்க்கும், அரை நிமிஷத்தில் வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டு வரும், "பாருங்கக்கா எவ்வளவு அழுக்கு" என்று சொல்லும். அந்த உருண்டை பெரும்பாலும் அழுக்கும் இல்லை, செத்த தோலும் இல்லை. பட்டியலில் கார்போமர், அக்ரிலேட்ஸ் அல்லது செல்லுலோஸ் என்று இருக்கும் பாருங்கள், அந்தப் பசைதான் தேய்க்கத் தேய்க்கத் திரண்டு உருளுகிறது. காய்ந்த கண்ணாடித் தட்டில் தேய்த்தாலும் பெரும்பாலும் அதே உருண்டை வரும். கொஞ்சம் தோலும் அதோடு ஒட்டி வரலாம், கெடுதலும் பெரிதாக இல்லை. ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அதற்குச் சொல்லிக் கொடுத்ததை அது சொல்கிறது.

ஸ்கிரப் என்றால் அக்ரூட் ஓட்டைப் பொடித்துப் போட்டதை முகத்துக்கு வாங்காதீர்கள், காலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் பாலிஎத்திலீன் என்று இருந்தால் அது பிளாஸ்டிக் மணி. அமெரிக்கா 2015இலேயே சட்டம் போட்டுக் கழுவிவிடும் பொருள்களில் அதைத் தடுத்துவிட்டது. மூன்று பக்கமும் கடல் சேர்கிற ஊரில் இருந்துகொண்டு ஓடையில் பிளாஸ்டிக் மணியைக் கழுவிவிட எனக்கு மனசு வராது. வீட்டில் சீனியும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2 பக்கம், மேலே சொன்ன 3.5 வரம்புக்கு எவ்வளவோ கீழே. பச்சைப்பயறு மாவு அதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

ஈரத்துக்கு வருவோம். ஈரம் கொடுக்கும் பொருள்கள் மூன்று வகை. தண்ணீரை இழுத்துப் பிடிப்பவை: கிளிசரின், ஹயலூரோனிக் ஆசிட், யூரியா, பேந்தெனால், சோடியம் பிசிஏ. இடைவெளியை நிரப்பி வழவழப்பாக்குபவை: ஸ்குவாலேன், செட்டைல் ஆல்கஹால் போன்றவை. இந்த செட்டைல், செட்டியரில் ஆல்கஹாலைப் பார்த்து ஸ்பிரிட் என்று பயப்படாதீர்கள், அவை மெழுகு மாதிரியான கொழுப்பு, தோலைக் காயவைக்காது. காயவைப்பது ஆல்கஹால் டினேச்சர்டு என்று வருவது. மூன்றாவது, மேலே மூடி ஈரம் வெளியே போகாமல் தடுப்பவை: பெட்ரோலேட்டம், டைமெத்திகோன், மெழுகுகள்.

ஹயலூரோனிக் சீரம் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் 1934இல் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது, இப்போது நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்து எடுக்கிறார்கள். தன் எடையைப் போல 1000 மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்று எல்லா டப்பாவிலும் இருக்கும், அதை நான் நம்பி வாங்க மாட்டேன், முகத்தில் தடவுகிற அளவில் அதற்கும் கிளிசரினுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெரிய மூலக்கூறு, மேலேயே நின்று ஈரம் பிடிக்கும். கொட்டாரம், சுசீந்திரம் பக்கம் வருஷம் முழுக்கக் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, ஜூன் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே நமக்கு உண்டு, இங்கே வெறும் ஹயலூரோனிக் போட்டாலும் தோல் மினுக்கென்றுதான் இருக்கும். நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றில் பைக்கில் போய் வருகிறவர்களுக்கும் அது போதாது, மேலே ஒரு கிரீம் மூடியே ஆக வேண்டும். கிளிசரின் பட்டியலில் இரண்டாவதோ மூன்றாவதோ இருக்கும் ஒரு சாதாரண லோஷன் அந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துவிடும்.

இந்த விமர்சனத்திலேயே எனக்கு மனநிறைவான பொருள் யூரியா கிரீம். மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், டப்பாவில் அழகு ஒன்றும் இருக்காது. சித்தி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரிக்கொட்டை தல்லியவர் (உடைத்தவர்). முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்நுனிகள் கறுத்து, கட்டைவிரலின் உள்பக்கம் பிளந்து, அந்தப் பிளவுக்குள் கறை ஏறி, புளிக்குழம்பு பிசைந்து சாப்பிட முடியாமல் கஷ்டப்படுவார். அந்த எண்ணெயில் இருக்கும் அனகார்டிக் ஆசிட்டும் நாம் காசு கொடுத்து வாங்கும் சாலிசிலிக் ஆசிட்டும் வேதியியலில் நெருங்கிய சொந்தம் என்று படித்தபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அளவும் கட்டுப்பாடும் இல்லாமல் தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட எங்கள் வீட்டிலேயே ஒரு கை இருந்திருக்கிறது.

யூரியா என்று சொன்னதும் சித்தி, "வாழைக்குப் போடுததா?" என்றுதான் கேட்டார். ஒரே பொருள்தான், ஆனால் கிரீமில் வருவது சுத்தப்படுத்திய யூரியா, தோட்டத்து மூட்டையிலிருந்து எடுத்துக் கலக்கிற வேலையை யாரும் செய்துவிடாதீர்கள். லாக்டிக் ஆசிட் மாதிரியே யூரியாவும் நம் தோலில் இயல்பாகவே இருக்கிறது. 5 முதல் 10 சதவீதம் வரை அது ஈரம் பிடிக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கி உரிக்கும், பித்தவெடிப்புக்கும் காய்ப்புக்கும் அதுதான். ஒரே பொருள் அளவைப் பொறுத்து இரண்டு வேலையும் செய்கிறது என்பதால்தான் சதவீதம் எழுதாத யூரியா கிரீமை நான் வாங்குவதில்லை. சித்தி ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து, கை முழுதும் துடைக்காமல் லேசான ஈரத்தோடேயே 10 சதவீத கிரீமைத் தேய்ப்பார், வெடிப்பு மூடாமல் திறந்திருந்த நாளில் மட்டும் எரியும் என்று அந்த இடத்தை விட்டுவிடுவார். இப்போது விரல் ஓரம் பிளப்பதில்லை. கறுப்பு முழுதாகப் போகவில்லை, பிடித்த கறை ஆழமானது. ஆனால் குழம்பு பிசைகிறார்.

வாஸ்லினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை வாங்கிய பெட்ரோலியம் ஜெல்லி, அதன் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், ஈரம் ஆவியாகிப் போவதைத் தடுப்பதில் அதை மிஞ்ச இன்னும் ஒன்றும் வரவில்லை. தானாக ஈரம் தராது, இருப்பதை மூடி வைக்கும், அதனால் ஈரமான தோலில் போட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் முகம் முழுக்கப் போட்டால் வியர்வை பொங்கிவிடும், உதடு, முட்டி, குதிகால் இதற்கு மட்டும் போதும். உருக்கெண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்) இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். உடம்புக்கும் கைகாலுக்கும் உருக்கெண்ணெய் அருமையானது, நான் இன்னும் அதைத்தான் தேய்க்கிறேன். முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும், துவாரத்தை அடைக்கிற எண்ணெய்களில் அது ஒன்று. ஆசிட் போட்டுத் தோல் சுணங்கியிருப்பவர்கள் செராமைடு உள்ள கிரீம் தேடலாம், தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பில் ஏறத்தாழ பாதி செராமைடுதான், பட்டியலில் செராமைடு என்பி, ஏபி என்று இருக்கும்.

சன்ஸ்கிரீன் வாங்கக் காசு இல்லையென்றால் ஆசிட்டும் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. கன்னியாகுமரி 8 டிகிரி அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மேகம் மூடிய நாளிலும் இங்கே புறஊதாக்கதிர் வந்துகொண்டே இருக்கும். லாக்டிக், கிளைகாலிக் வகை ஆசிட்கள் தோலை வெயிலுக்கு இன்னும் சுலபமாகச் சுட வைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு வாரம் அந்த நிலை இருக்கும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பாட்டிலிலேயே எச்சரிக்கை போடச் சொல்கிறது. கடற்கரையில் மீன் வியாபாரத்துக்கு நிற்கிறவர்கள், உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள், பகல் முழுக்க வெயிலில் நின்று சன்ஸ்கிரீனைத் திரும்பத் திரும்பப் போட முடியாதவர்கள் முகத்துக்கு ஆசிட் போடாமல் இருப்பதே நல்லது, யூரியாவும் கிளிசரினும் அவர்களுக்குப் போதும்.

இந்த ரேக்குகளுக்கு நடுவே பொருள் பட்டியலே இல்லாத, வெளிநாட்டு எழுத்து மட்டும் இருக்கிற வெளுப்பு கிரீம்களும் நிற்கின்றன. ஒரே வாரத்தில் நிறம் வந்தது என்று யாராவது சொன்னால் அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கிறதா என்றுதான் நான் முதலில் யோசிப்பேன். பக்கத்துக் கேரளத்தில் 2023இல் ஆபரேஷன் சௌந்தர்யா என்று பெயர் வைத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இவற்றைப் பிடித்தது, பாதரசக் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தியும் அங்கிருந்துதான் வந்தது. ஸ்டீராய்டு உள்ளவை டாக்டர் சீட்டோடுதான் விற்க வேண்டியவை, 2018இல் அதைச் சட்டமாகவே இறுக்கினார்கள். அப்படி ஒன்றைப் போட்டுத் தோல் மெலிந்து சிவந்து போனவர்கள் இன்னொரு கிரீமால் சரிசெய்யப் பார்க்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் தோல் ஓபிக்குப் போய்விடுங்கள், சீட்டுப் போட்டு உட்கார வேண்டியிருக்கும், பரவாயில்லை.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒன்று. உற்பத்தி லைசென்ஸ் எண், இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண், அதைக் கொண்டுவந்தவர் முகவரி, இவை பெட்டியில் இருக்க வேண்டும், ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் பக்கம் ஒரு கடையில் சீரம் பாட்டில்களை மேற்கு பார்த்த கண்ணாடி ஷோகேஸில் அடுக்கியிருக்கிறார்கள், மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அவற்றின் மேல் விழுகிறது, தொட்டால் பாட்டில் சூடாக இருக்கும். காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் அந்தச் சரக்கை நான் எடுக்க மாட்டேன். உள்ளே அட்டைப்பெட்டியில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் தருகிறார்கள்.